கிராபிக்ஸ் கார்டு விழுந்தால் முதலில் வீட்டைப் பாருங்கள்

"கேம் ஆடுறப்போ ஒண்ணும் ஆகல. ஐன்ஸ்டைன் அட் ஹோம் போட்டா மட்டும் ஸ்கிரீன் கருப்பாயிடுது. கார்டு போச்சா?"

தன்னார்வக் கணிப்புக்குப் புதிதாக வருகிற நண்பர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி இது. கார்டைக் கழற்றி வந்த விலைக்குத் தள்ளிவிடலாமா என்பது இரண்டாவது கேள்வி. இரண்டுக்கும் என் பதில் ஒன்றே: கொஞ்சம் பொறுங்கள். பல நேரங்களில் கார்டு நன்றாகவே இருக்கும். அது குடியிருக்கிற வீட்டின் கரெண்டிலும் காற்றிலும் சூட்டிலும்தான் குறை இருக்கும்.

நான் இருப்பது நாராயணவனம். புத்தூருக்குப் பக்கம். பத்மாவதி தாயாருக்கும் வெங்கடேசப் பெருமாளுக்கும் திருமணம் நடந்த ஊர் என்று கல்யாண வெங்கடேஸ்வரர் கோயிலுக்கு வருகிறவர்கள் அறிவார்கள். 2022 ஏப்ரல் 4 வரை சித்தூர் மாவட்டம், இப்போது திருப்பதி மாவட்டம். தெலுங்கும் தமிழும் ஒரே தெருவில், பல வீடுகளில் ஒரே வாக்கியத்தில் புழங்கும். கோயிலுக்கு வந்து போகிறவர்கள் அதிகம் கவனிக்காத ஒன்று எங்கள் பவர்லூம். நகரி, புத்தூர், நாராயணவனம் என்று இந்த வட்டாரத்தில் எங்கே நின்றாலும் தறிச் சத்தம் கேட்கும். அந்தத் தறியின் பஞ்சு, சாயங்கால வோல்டேஜ், சித்திரை வெயில் ஆகிய மூன்றோடும் என் கார்டு பட்ட பாட்டிலிருந்து கற்றதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எதற்காக இந்த ஓட்டம்

வீட்டுக் கணினி சும்மா இருக்கும் நேரத்தை அறிவியல் ஆய்வுக்குக் கொடுப்பதுதான் தன்னார்வக் கணிப்பு. இதை உலகெங்கும் பிரபலமாக்கியது, அமெரிக்காவின் பெர்க்லியில் 1999 மே 17 அன்று தொடங்கிய செட்டி அட் ஹோம். வேற்றுலக உயிர்களின் ரேடியோ சமிக்ஞையைத் தேடிய அந்தத் திட்டம் 2020 மார்ச் 31-இல் புது வேலை அனுப்புவதை நிறுத்திக்கொண்டது. ஆனால் டேவிட் ஆண்டர்சன் தலைமையில் அங்கே உருவான பாயிங்க் மென்பொருள் இன்றும் பல திட்டங்களைச் சுமக்கிறது. விஜய் பாண்டே ஸ்டான்போர்டில் 2000-இல் தொடங்கிய ஃபோல்டிங் அட் ஹோம், புரதங்கள் எப்படி மடிகின்றன என்று ஆராய்கிறது. 2006-இலேயே கிராபிக்ஸ் கார்டைக் கணக்குப் போட இறக்கிய திட்டம் அது. 2020-இல் கொரோனா ஊரடங்கில் ஏராளமானோர் சேர்ந்தபோது அதன் கூட்டு வேகம் ஒரு எக்ஸாஃப்ளாப்பைத் தாண்டியது. அதாவது, ஒன்று போட்டுப் பக்கத்தில் 18 பூஜ்யம் போட்டால் வரும் அளவு கணக்குகள், ஒரே நொடியில். தனியொரு சூப்பர் கம்ப்யூட்டர் அந்த எல்லையைக் கடந்ததாக உலகப் பட்டியலில் ஏறியது 2022-இல்தான்.

என் கார்டு உழைப்பது ஐன்ஸ்டைன் அட் ஹோமுக்கு. 2005-இல் தொடங்கிய திட்டம். ஈர்ப்பலை, ரேடியோ அலை, காமாக் கதிர் மூன்றிலும் நியூட்ரான் விண்மீன்களைத் தேடுகிறது. கிராபிக்ஸ் கார்டு எதற்கு வேண்டும் என்பதற்கு நான் எல்லோரிடமும் சொல்லும் உதாரணம் ஜே1653-0158. வானத்தின் அந்த இடத்திலிருந்து காமாக் கதிர் வருவது பல ஆண்டுகளாகத் தெரிந்திருந்தது. ஏதோ இரண்டு பொருள்கள் 75 நிமிடத்துக்கு ஒருமுறை ஒன்றையொன்று சுற்றுகின்றன என்பதும் 2014-இல் தெரிந்துவிட்டது. ஆனால் அங்கே துடிப்பு இருக்கிறதா என்று யாராலும் காட்ட முடியவில்லை. காமாக் கதிர்களைப் பார்க்கும் ஃபெர்மி விண்கலத்துக்கு அங்கிருந்து வந்து சேரும் துகள்கள் மிகச் சொற்பம். சுழற்சி வேகம் இதுவாக இருந்தால், சுற்றுப்பாதை இதுவாக இருந்தால் என்று கோடானுகோடி சாத்தியங்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்க வேண்டும். ஒரே கணக்கை எண்களை மாற்றி மாற்றிப் போடுகிற இந்த வேலைக்கென்றே வார்த்தது போன்றது கிராபிக்ஸ் கார்டு. சாதாரணக் கணினியில் நூற்றாண்டுக் கணக்கில் ஆகக்கூடிய அந்தத் தேடலைத் தன்னார்வலர்களின் கார்டுகள் சேர்ந்து முடித்தன. நொடிக்கு 500 முறைக்கு மேல் சுழலும் பல்சார், அதாவது துடிக்கும் நியூட்ரான் விண்மீன், என்று 2020-இல் அறிவித்தார்கள்.

நம் நாட்டுக்கும் இந்தத் தேடலில் பங்கு உண்டு. புனே மாவட்டத்து நாராயண்காவ் அருகில் இருக்கும் ஜிஎம்ஆர்டி ரேடியோ தொலைநோக்கியைக் கொண்டு, ஃபெர்மி காட்டிய இடங்களைப் பார்த்து, ஜே1544+4937 என்ற இதே வகைப் பல்சாரை 2013-இல் நம் விஞ்ஞானிகள் அறிவித்தார்கள். மகாராஷ்டிரத்தின் ஹிங்கோலியில் ஈர்ப்பலை ஆய்வகம் வருவதற்கு 2023-இல் ஒன்றிய அரசு ஒப்புதல் கொடுத்திருக்கிறது. நம் வீட்டு மூலையில் கிடக்கிற கார்டு இந்தப் பெரிய வேலையில் ஒரு கை. அதனால்தான் அது விழும்போது, அதாவது கிராஷ் ஆகும்போது, அலட்சியமாக ரீஸ்டார்ட் செய்துவிட்டுப் போக எனக்கு மனம் வருவதில்லை.

ஸ்டான்போர்டு சொன்ன செய்தி

ஃபோல்டிங் அட் ஹோமில் இருந்த இம்ரான் ஹக், விஜய் பாண்டே இருவரும் 2010-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். பல்லாயிரம் தன்னார்வலர்களின் கார்டுகளில் ஒரு நினைவகச் சோதனையை ஓடவிட்டார்கள். தங்கள் ஆய்வகத்தில், கட்டுப்பாடான சூழலில் வைத்துச் சோதித்த கார்டுகளில் பிழையே தென்படவில்லை. வீடுகளில் இருந்த கார்டுகளிலோ, மூன்றில் இரண்டு பங்கில் நினைவகப் பிழை தலைகாட்டியது.

இந்த முடிவைப் படித்தபோதுதான் எனக்குப் பல விஷயம் விளங்கியது. கார்டை மட்டும் தனியாக எடுத்துச் சோதித்துப் பயனில்லை. அது எந்தப் பிளக்கில் மாட்டியிருக்கிறது, எந்த அறையில் இருக்கிறது, எந்தக் காற்றை இழுக்கிறது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். திருப்பதியில் ஏசி போட்ட கடையில் வைத்துச் சோதிக்கிறார்கள், மணிக்கணக்கில் நன்றாக ஓடுகிறது. வீட்டுக்கு வந்ததும் அன்று மாலையே விழுகிறது. கடைக்காரர் பொய் சொல்லவில்லை. அவர் கடை வேறு, நம் வீடு வேறு.

கேமில் விழாத கார்டு கணிப்பில் ஏன் விழுகிறது என்பதற்கும் விடை இங்கேயே இருக்கிறது. கேமில் சுமை ஏறி இறங்கும். மெனு வரும், காட்சி மாறும், நாம் தண்ணீர் குடிக்க எழுந்து போவோம். ஒரு நொடியில் ஒரு புள்ளியின் நிறம் தப்பினால் கண்ணுக்கே தெரியாது. கணிப்பில் கார்டு மணிக்கணக்காக 95, 100 சதவீதத்தில் நிற்கும். ஓர் எண் தப்பினாலும் அடுத்தடுத்த எண்களெல்லாம் தப்பும்.

விழுந்த விதத்தைக் குறித்து வையுங்கள்

டிரைவரை மாற்றுவதற்கு முன், கேஸைத் திறப்பதற்கு முன், ஒரு நோட்டில் எழுதுங்கள்: எப்போது விழுந்தது, எப்படி விழுந்தது. நான் பார்த்தவரை நாலு விதம்.

முதல் விதம்: திரை ஓரிரு நொடி கருப்பாகித் திரும்ப வரும். பாயிங்க்கில் அந்த வேலை "கம்ப்யூட்டேஷன் எரர்" என்று முடிந்திருக்கும். விண்டோஸ் ஈவன்ட் வியூவரில் 4101 என்ற எண்ணில், டிரைவர் பதில் சொல்லவில்லை, மீட்டெடுத்தோம் என்று பதிவாகியிருக்கும். கார்டு 2 நொடிக்குள் பதில் சொல்லாவிட்டால் விண்டோஸ் அதைப் பிடித்து ரீசெட் செய்யும். டிடிஆர் என்று இதற்குப் பெயர். ஒரு நிமிடத்துக்குள் திரும்பத் திரும்ப இப்படி ஆனால் 116 என்ற எண்ணோடு நீலத்திரை வரும்.

இரண்டாம் விதம்: நீலத்திரையும் இல்லை, எச்சரிக்கையும் இல்லை. பட்டென்று அணைந்து தானே மறுபடி எழும். கெர்னல்-பவர் 41 என்று மட்டும் பதிவு இருக்கும். முதல் சந்தேகம் கணினிக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ் மேல், அடுத்தது வீட்டுக் கரெண்ட் மேல்.

மூன்றாம் விதம்: திரை கருப்பாகிக் கருப்பாகவே நிற்கும், கார்டின் ஃபேன் முழு வேகத்தில் கத்தும். லினக்ஸில் என்விடியா கார்டாக இருந்தால் டிமெஸ்ஜ் பதிவில் எக்ஸ்ஐடி 79 என்று வந்திருக்கும். மதர்போர்டுக்கும் கார்டுக்கும் தொடர்பே அறுந்துபோனது என்று பொருள். சூடு, பவர் கேபிள், ஸ்லாட்டில் சரியாக உட்காராத கார்டு என்ற வரிசையில் பாருங்கள்.

நான்காம் விதம்: எதுவும் விழாது. எல்லாம் நன்றாக ஓடுவது போலவே இருக்கும். திட்டத்தின் தளத்தில் உங்கள் கணினியின் பக்கத்தைப் பார்த்தால் "இன்வேலிட்" எண்ணிக்கை மெதுவாக ஏறிக்கொண்டிருக்கும். நாலில் மோசமானது இதுதான். கடைசியில் இதற்கு வருகிறேன்.

கரெண்ட்

எங்கள் தெருவில் வோல்டேஜ் ஒரு நாளில் பல முகம் காட்டும். சாயங்காலம் எல்லா வீட்டிலும் மோட்டாரும் ஃபேனும் ஓட, தறிகளும் ஓட, 230 இருக்க வேண்டிய இடத்தில் மீட்டர் 190-க்குக் கீழே காட்டும். நடுராத்திரியில் 240-ஐத் தாண்டும். என் கார்டு விழுந்த நேரங்களை நோட்டில் வரிசையாக எழுதிப் பார்த்தபோது பெரும்பாலானவை விளக்கு வைக்கும் நேரத்தைச் சுற்றியே இருந்தன. அந்த நோட்டு இல்லாவிட்டால் டிரைவரைத்தான் மாற்றிக்கொண்டிருந்திருப்பேன்.

கணினியோடு வந்த எஸ்எம்பிஎஸ்ஸின் மேல் 500 வாட் என்று ஒட்டியிருந்தது. அந்த ஸ்டிக்கரை நம்பாதீர்கள். பக்கத்தில் இருக்கும் சின்ன அட்டவணையில் 12 வோல்ட் லைன் எத்தனை ஆம்பியர் தருகிறது என்று படியுங்கள். அதை 12-ஆல் பெருக்கினால்தான் கார்டுக்கும் பிராசசருக்கும் உண்மையில் எவ்வளவு கிடைக்கும் என்று தெரியும். 20 ஆம்பியர் என்றிருந்தால் 240 வாட். 125 வாட் கார்டு, 65 வாட் பிராசசர், ஹார்டு டிஸ்க், ஃபேன் எல்லாம் அதிலிருந்துதான் வாங்க வேண்டும். போதும் போலத் தெரியும். ஆனால் கார்டு ஒரு கண நேரம் தன் அளவுக்கு மேல் இழுக்கும். அந்தக் கணமும் வெளியே வோல்டேஜ் சரியும் கணமும் சேர்ந்தால் மலிவான எஸ்எம்பிஎஸ் கைவிட்டுவிடும். 80 பிளஸ் சான்றும், எல்லா லைனுக்கும் ஆம்பியர் கணக்கும் உள்ள ஒன்றைச் சென்னை ரிச்சி தெருவில் வாங்கிவந்து மாட்டிய பிறகு, பட்டென்று அணைகிற இரண்டாம் விதம் என் வீட்டில் நின்றது.

கேபிளையும் பாருங்கள். மதர்போர்டு ஸ்லாட் அதிகபட்சம் 75 வாட் தரும். 6 பின் இணைப்பு 75, 8 பின் இணைப்பு 150. 8 பின் கேட்கிற கார்டுக்கு, பழைய ஹார்டு டிஸ்க் கேபிளிலிருந்து மாற்றிக் கொடுக்கும் அடாப்டர்கள் கடைகளில் கிடைக்கின்றன. கேமுக்குத் தாங்கலாம். ராத்திரி முழுக்க ஓடும் கணிப்பில் அவை சூடாகி உருகலாம். எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்தே நேராக வரும் கேபிள்தான் வேண்டும்.

அடுத்தது இன்வெர்ட்டர். நம் வீட்டு இன்வெர்ட்டர்களில் பலவற்றின் பின்பக்கம் "நார்மல்", "யுபிஎஸ்" என்று ஒரு ஸ்விட்ச் இருக்கும். நார்மலில் வைத்தால் கரெண்ட் போனதும் பேட்டரிக்கு மாறக் கூடுதல் நேரம் எடுக்கும். ஃபேனுக்கும் லைட்டுக்கும் அது தெரியாது. ஆனால் நல்ல எஸ்எம்பிஎஸ்ஸே உள்ளே சேமித்த மின்சாரத்தில் முழுச் சுமையைத் தாங்குவது சுமார் 16 மில்லிநொடிதான். கணினி மாட்டியிருந்தால் அந்த ஸ்விட்ச் யுபிஎஸ் பக்கம் இருக்க வேண்டும். சதுர அலை தரும் பழைய இன்வெர்ட்டரில் கணிப்பை ஓட்டவே வேண்டாம்.

எர்த்தை மறந்துவிடாதீர்கள். கேஸின் இரும்பைத் தொட்டால் சுருக்கென்று இழுக்கிறதா? எர்த் இல்லை என்று பொருள். எங்கள் பக்கத்துப் பழைய வீடுகளில் மூன்று ஓட்டை பிளக் இருக்கும், மேல் ஓட்டைக்குப் பின்னால் ஒயரே இருக்காது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்துக்கும் நியூட்ரலுக்கும் நடுவே அளக்கச் சொல்லுங்கள். சில வோல்ட்டுக்கு மேல் போனால் எர்த் குழியைப் புதுப்பிக்க வேண்டும். இது கார்டுக்காக மட்டும் இல்லை, வீட்டில் இருக்கிறவர்களின் உயிருக்காக.

பஞ்சு

தறி இருக்கிற தெருவில் தூசி வேறு மாதிரி. மண் தூசி ஊதினால் போகும். நூலிலிருந்து பறக்கும் பஞ்சு போகாது. கண்ணுக்குத் தெரியாத மென்மையான இழையாக ஜன்னல் வழியே வந்து, கார்டின் ஃபேன் இழுக்க, ஹீட் சிங்க்கின் தகடுகளுக்கு நடுவே படிந்து படிந்து கம்பளி மாதிரி ஒரு படலமாகிவிடும். வெளியிலிருந்து பார்த்தால் ஃபேன் சுத்தமாகச் சுற்றும். ஃபேனுக்குக் கீழேதான் படலம் இருக்கும். காற்று போகவே வழி இருக்காது.

கார்டைக் கழற்றுங்கள். ஃபேன் மூடியின் நாலு திருகை எடுத்து, கீழே இருக்கும் தகடுகளை மென்மையான பிரஷ்ஷால் ஒரே திசையில் நீவி, படலத்தை உரித்து எடுங்கள். அதன் பிறகு புளோயர். புளோயர் அடிக்கும்போது ஃபேனை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். சுற்றவிட்டால் பேரிங் கெடும். கேஸின் முன்பக்கக் காற்று வழியில் மெல்லிய கொசுவலைத் துணியை மாட்டிவிட்டு, வாரம் ஒருமுறை எடுத்து உதறுங்கள். கேஸைத் தரையிலிருந்து தூக்கி மேஜைமேல் வையுங்கள். பஞ்சு தரையில்தான் அதிகம் உருளும்.

கார்டு பழையது என்றால் தெர்மல் பேஸ்ட்டும் காய்ந்திருக்கும். புதிது வைப்பது பெரிய வித்தை இல்லை. சிப்பின் மேல் பட்டாணி அளவு வைத்து, திருகுகளைக் குறுக்குக் குறுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். நினைவகச் சில்லுகளின் மேல் இருக்கும் தெர்மல் பேட் கிழிந்திருந்தால், அதே தடிமனில்தான் புதியது வாங்க வேண்டும். தடிமன் மாறினால் ஹீட் சிங்க் சிப்பைச் சரியாகத் தொடாது.

சித்திரை வெயில்

ஹீட் சிங்க் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அறைக் காற்றைவிடக் குளிர்ச்சியாகக் கார்டை வைக்க அதனால் முடியாது. சுமை மாறாமல் இருந்தால், அறை எத்தனை டிகிரி ஏறுகிறதோ ஏறக்குறைய அத்தனை டிகிரி கார்டும் ஏறும். மார்கழியில் 28 டிகிரி அறையில் 70-இல் நிற்கும் கார்டு, எங்கள் ஊர் மே மாத மத்தியானத்தில் 42 டிகிரியில் 84-ஐத் தொடும். பல கார்டுகள் 83 டிகிரி வாக்கில் தானே வேகத்தைக் குறைக்க ஆரம்பிக்கும். மேலே சொன்ன எண்கள் சிப்பின் பொதுவான சூடு மட்டும். அதே சிப்பின் மிகச் சூடான புள்ளியும் நினைவகமும் இன்னும் மேலே இருக்கும். ஹெச்டபிள்யூஇன்ஃபோ மாதிரியான கருவியில் அந்த எண்களையும் பாருங்கள்.

இதற்கு நான் கண்ட நல்ல மருந்து, கார்டு இழுக்கும் மின்சாரத்துக்கு எல்லை கட்டுவது. விண்டோஸில் ஆஃப்டர்பர்னர் என்ற மென்பொருளில் பவர் லிமிட் என்ற கோலை 70 சதவீதத்துக்கு இழுத்தால் போதும். லினக்ஸில் என்விடியா-எஸ்எம்ஐ கட்டளையிலேயே வாட் அளவைக் கொடுக்கலாம். 125 வாட் கார்டை 90-இல் நிறுத்தினால் வேகம் அதே விகிதத்தில் குறைந்துவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படிக் குறையாது. சிப்பின் மின்செலவு வோல்டேஜின் வர்க்கத்தோடு ஏறுகிறது. கடைசிக் கொஞ்சம் வேகத்துக்காகத்தான் கார்டு மிக அதிகமாகச் செலவழிக்கிறது. அந்தக் கடைசி வேகத்தை விட்டுக்கொடுத்தால் சூடும் குறையும், ஃபேன் சத்தமும் குறையும், பில்லும் குறையும். 125 வாட் கார்டு நாள் முழுக்க ஓடினால் 3 யூனிட், மாதத்துக்கு 90 யூனிட். 90 வாட்டில் மாதம் 65 யூனிட்டுக்குள் முடியும்.

கூடவே கிளாக்கையும் பாருங்கள். பல கார்டுகள் தொழிற்சாலையிலேயே வேகம் கூட்டப்பட்டு வருகின்றன. கேமில் நாலு ஃபிரேம் கூடுதலாகக் காட்டுவதற்காகச் செய்தது அது. கணிப்புக்கு வேண்டாம். சிப்பின் கிளாக்கையும் நினைவகத்தின் கிளாக்கையும் அந்த மாடலின் அடிப்படை அளவுக்குக் கொண்டுவாருங்கள். என் அனுபவத்தில் 4101 பதிவுகளில் பெரும்பகுதி இதோடு ஒழிந்தது.

டிரைவரும் பாயிங்க்கும்

இவ்வளவும் பார்த்த பிறகு டிரைவருக்கு வாருங்கள். விண்டோஸ் தானாக அப்டேட் செய்யும்போது டிரைவர் மாறி, கணிப்புக்குத் தேவையான ஓபன்சிஎல் பகுதி காணாமல் போவது உண்டு. பாயிங்க்கின் ஈவன்ட் லாகில் தொடக்க வரிகளைப் பாருங்கள். உங்கள் கார்டின் பெயரும் ஓபன்சிஎல் பதிப்பும் அங்கே இருக்க வேண்டும். இல்லையென்றால் சேஃப் மோடில் டிடியு கருவியால் பழையதைச் சுத்தமாக நீக்கிவிட்டு, கார்டு தயாரிப்பாளரின் தளத்திலிருந்து புதிதாக இறக்கி நிறுவுங்கள்.

ரெஜிஸ்ட்ரியில் டிடிஆரின் அந்த 2 நொடியை 10, 20 என்று ஏற்றினால் கிராஷ் நிற்கும் என்ற யோசனை எங்கும் சுற்றுகிறது. பழைய, மெதுவான கார்டில் ஒரு கணக்கு உண்மையிலேயே 2 நொடிக்கு மேல் எடுக்கிறது என்றால் அது சரி. சூட்டாலோ வோல்டேஜாலோ தடுமாறும் கார்டுக்கு அதைச் செய்தால், திரை 20 நொடி உறைந்து பிறகு விழும். அவ்வளவுதான் வித்தியாசம்.

பாயிங்க்கில் நான் வைத்திருக்கும் அமைப்பு இது. கார்டில் ஒரு நேரத்தில் ஒரே வேலை. பிராசசரில் ஒரு கோரைக் கார்டுக்கென்று காலியாக விட்டிருக்கிறேன், அது இல்லாவிட்டால் கார்டு காத்துக் கிடக்கும். நான் கணினியில் உட்கார்ந்திருக்கும்போது கார்டு கணிப்பு நிற்கும். வோல்டேஜ் சரியும் சாயங்கால நேரத்தில் பாயிங்க்கின் நேர அட்டவணையே கணிப்பை நிறுத்தி, ராத்திரி மறுபடி தொடங்கும்.

எல்லாம் செய்தும் தீராவிட்டால் கணினியின் ராமைச் சோதியுங்கள். மெம்டெஸ்ட்86-ஐ ஒரு ராத்திரி ஓடவிடுங்கள். ஒரு பிழை வந்தாலும் அந்த ராமை மாற்ற வேண்டும். கார்டின் மேல் பழி விழும் பல கிராஷ்களுக்கு ராம் காரணமாக இருக்கும். எதை மாற்றினாலும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, சில நாள் ஓடவிட்டு, நோட்டில் எழுதிய பிறகே அடுத்ததைத் தொடுங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது தீர்த்தது என்று தெரியாது, அடுத்த வருடம் மறுபடி தேட வேண்டியிருக்கும்.

சத்தமில்லாமல் தப்பும் கார்டு

பக்கத்து வீட்டு மாமா தறி வைத்திருப்பவர். ஒருநாள் திண்ணையில் உட்கார்ந்து கேட்டார்.

"ராத்திரியெல்லாம் ஓடுதே தம்பி, அந்தப் பெட்டி என்னதான் நெய்யுது?"

"கணக்கு மாமா. வானத்துல நட்சத்திரம் தேடுறாங்க, அதுக்கு."

"நின்னு நின்னு போவுதுன்னு சொன்னியே?"

"இப்ப நிக்கறதில்ல மாமா. ஆனா நிக்காம தப்பாப் போட்டுச்சுன்னாதான் கஷ்டம்."

"அது சரி. ஊடை அறுந்தா தறி நிக்கணும். நிக்காம ஓடுச்சுன்னா முழம் முழமா துணி பாழ்."

இதைவிடத் தெளிவாக என்னால் சொல்ல முடியாது. விழுகிற கார்டு நமக்குத் தகவல் தருகிறது. விழாமல் தப்பு எண்ணை அனுப்பும் கார்டு அடுத்தவர் உழைப்பையும் பாழாக்குகிறது. ஐன்ஸ்டைன் அட் ஹோமில் ஒவ்வொரு வேலையும் இரண்டு வேறு கணினிகளுக்குப் போகும். இரண்டு விடையும் பொருந்தினால்தான் ஏற்பார்கள். பொருந்தாவிட்டால் மூன்றாவது ஒருவருக்கு அனுப்புவார்கள். உங்கள் தப்பு விடையால் பொய்யான பல்சார் பட்டியலில் ஏறிவிடாது, அந்தக் காவல் இருக்கிறது. ஆனால் உங்கள் வீட்டு மின்சாரம் வீண், மூன்றாவது வீட்டின் மின்சாரமும் கூடுதலாகச் செலவு. தொடர்ந்து பிழை அனுப்பும் கணினிக்கு பாயிங்க் சர்வர் ஒரு நாளைக்குத் தரும் வேலையையும் குறைத்துவிடும். நல்ல விடைகள் போகத் தொடங்கியதும் மறுபடி ஏற்றும்.

ஆகவே திட்டம் தரும் பாயின்ட் எண்ணிக்கையைப் பார்த்து மகிழும் பழக்கத்தோடு, "வேலிட்", "இன்வேலிட்", "எரர்" என்ற மூன்று எண்களையும் பார்க்கும் பழக்கம் வர வேண்டும். இன்வேலிட் ஏறினால் முதலில் நினைவகக் கிளாக்கைக் குறையுங்கள். அப்போதும் ஏறினால் பவர் லிமிட்டைக் குறையுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் கார்டில் கணிப்பை அணைத்துவிட்டு, பிராசசரில் மட்டும் ஓட்டுங்கள். மெதுவாக வரும் சரியான விடைக்கும் அங்கே இடம் இருக்கிறது.

எங்கள் வட்டாரத்துப் பிள்ளைகள் பலர் கேமுக்காகக் கார்டு வாங்குகிறார்கள். அவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: ஒரு மல்டிமீட்டர், ஒரு பிரஷ், ஒரு நோட்டு வாங்குங்கள். மூன்றும் சேர்ந்து ஒரு நல்ல கேமைவிடக் குறைந்த விலை. சாயங்காலம் உங்கள் பிளக்கில் எத்தனை வோல்ட் வருகிறது என்று அளந்து எழுதுங்கள். கார்டைத் திறந்து சுத்தம் செய்யுங்கள். பவர் லிமிட்டை 70-இல் வைத்துக் கணிப்பைத் தொடங்குங்கள். ஏப்ரல், மே மாதங்களில் கார்டுக்கு ஓய்வு கொடுங்கள். மழை வந்து அறை குளிர்ந்த பிறகு மறுபடி ஓட்டுங்கள். அதற்குள் வேலை தீர்ந்துபோகாது, தேட வேண்டிய வானம் இன்னும் நிறைய மிச்சம் இருக்கிறது.